ரெண்டு பனைமரம், ஒரு பிளாட்

பெண்டாட்டியையே வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுக்கிறவன், மாசாமாசம் ஏரியை எடுக்கிறான் என்றால் ஆபீஸில் சும்மா விடுவார்களா?

வேலை விழுப்புரத்தில், வீடு திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில். தமிழ் மாதம் பிறந்ததும் மொட்டை மாடியில் அதே இடம், அதே திசை, ஒரே ஒரு கிளிக். வெறும் செல்போன்தான், பந்தா கிடையாது.

சித்திரையில் ஏரி வெடித்துக் கிடக்கும். ரோட்டோரம் தர்பூசணி மலை. ஆடியில் புழுதிக் காற்று, மல்லாட்டைச் செடி. ஐப்பசி மழையில் எது ஏரி, எது வயல் என்றே தெரியாது. தையில் அறுப்பு.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! மழை விட்டதும் மாடிக்கு ஓடி ஒரு படம் எடுத்தேன்.

அடுத்த சித்திரையில் ஆபீஸ் நண்பர் குதித்துக்கொண்டு வந்தார். "உங்க ஊர் ஏரிக்குக் கீழே பிளாட் பார்த்துட்டேன் சார். கட்டாந்தரை! பி.எஃப். லோன் போட்டாச்சு, நாளைக்கு அட்வான்ஸ்!"

முந்தைய சித்திரைப் படத்தையும் புயல் படத்தையும் காட்டினேன். ரெண்டிலும் அதே ரெண்டு பனைமரம். மனைக்கல் மட்டும் ஒன்றில்தான் இருந்தது. இன்னொன்றில் வெறும் தண்ணீர். ரொம்ப நேரம் பார்த்தார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

மனை வாங்கப் போகிறவர்களே, பட்டா, வில்லங்கம் எல்லாம் பாருங்கள். கூடவே கார்த்திகையில் ஒருநாள் அங்கே போய் நின்றும் பாருங்கள்.

புரோக்கர்தான் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்கிறார்!