தாதியர் கடமையும் சட்டத்தின் காவலும்

நோயாளியின் அருகில் நெடுநேரம் நிற்பவர் மருத்துவர் அல்லர், தாதியே. மருத்துவர் மருந்தை எழுதுகிறார். அதனை அளந்து, உரிய வேளையில், உரியவரின் உடலிற் செலுத்துவது தாதியின் கை. ஆதலின் தவறொன்று நிகழும்போது சட்டத்தின் பார்வை பெரும்பாலும் அக்கையின் மீதே முதலில் விழுகின்றது. அக்கைக்குச் சட்டம் விதிக்கும் பொறுப்பு யாது, அளிக்கும் காவல் யாது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணமாகும்.

இவ்வினா எனக்கு வெறும் ஏட்டு வினா அன்று. என் ஊர் கொண்டச்சி. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எம் குடும்பமும் புத்தளம் சென்றது; போர் முடிந்தபின் மீண்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் சிக்கலான பேற்றுக்கு அரிப்பும் வங்காலையும் கடந்து மன்னார் வைத்தியசாலையையே நாடவேண்டும். நான் ராத்தா என அழைக்கும் மூத்த சகோதரியோ வேறொரு மாவட்டத்தில் தாதியாகப் பணிபுரிகிறார். ஆகவே கட்டிலிற் கிடப்போருக்கும் நான் உறவினன். கட்டிலருகே நிற்போருக்கும் உறவினன்.

2024 ஜூலையில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் இளந்தாய் ஒருவர் பேற்றின் பின்னரான குருதிப் பெருக்கினால் உயிரிழந்தார். உரிய நேரத்திற் கவனிக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஊழியர் சிலர்மீது விசாரணை நடந்தது. அதற்கு முந்திய ஆண்டில், காய்ச்சலுக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் கை மணிக்கட்டோடு அகற்றப்பட்டது. நாளத்தில் ஏற்றப்பட்ட கனூலா பற்றிய கேள்வி நீதிமன்றம் சென்றது. தாதி ஒருவர் நாட்டைவிட்டுச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மன்னார்ச் செய்தியைக் கேட்ட அன்று என் உம்மா இருமுறை அழுதார். முதலில் அந்தத் தாய்க்காக, பின்னர், "நம்ம புள்ளைக்கும் இப்படி ஒரு வழக்கு வந்தா என்ன செய்யிற?" என்று.

உம்மாவின் கேள்விக்குச் சட்டம் தரும் விடை மூவகைப்பட்டது. முதலாவது குற்றவியல். கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்க இடமளிக்கிறது. இரண்டாவது குடியியல். உரோமன் டச்சுச் சட்டத்தின் வழி நட்டஈடு கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரவேண்டும். மூன்றாவது ஒழுக்காற்று நடவடிக்கை. வேலையும் பதிவும் இதில் அடங்கும். தாதியருக்கெனத் தனிப் பேரவை 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

இவற்றுள் காவல் எங்கே உளது? 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், தன் ஊழியர் கடமையின்போது இழைக்கும் தீங்குக்கு அரசைப் பொறுப்பாளியாக்கியது. பணச் சுமையை அரசு தாங்கலாம். சிறைத் தண்டனையை அரசு தாங்காது. நோயாளி பக்கத்திலும் பாதை எளிதன்று. பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கில், குழந்தையை இழந்த தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது; மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பெரிதும் குறைத்தது; 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருப்பினும் அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி வழக்கைத் தள்ளியது. பிழைக்கும் இழப்புக்கும் இடையிலான தொடர்பை நிறுவுவது அத்துணை அரிது.

எங்கள் கடற்கரை இவ்வுறவை முன்பே அறிந்திருந்தது. கொண்டச்சிக் குடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கல்லின் துணையோடு ஆழத்தில் இறங்கியவனின் உயிர் தோணியிற் கயிறு பிடித்து நின்றவன் கையில் இருந்தது. கீழே கயிறு அசைந்த கணமே மேலே இழுக்கவேண்டும். கவனிப்புக் கடமை என்று சட்டம் கூறுவது இதனையே. எனினும் ஒருவன் கையிற் பத்துக் கயிறுகளைக் கொடுத்துவிட்டு, பதினொராவது கயிறு நழுவியதற்கு அவனை மட்டும் தண்டிப்பது நீதியாகுமா? இரவுப் பணியில் ஒரு விடுதி முழுவதையும் ஓரிருவர் காக்கும் நிலையை ராத்தா பலமுறை கூறியுள்ளார்.

2017இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ரடோண்டா வாட் என்னும் தாதி, தானியங்கி மருந்துப் பேழையிலிருந்து தவறான மருந்தை எடுத்துச் செலுத்தினார், நோயாளி இறந்தார். தவற்றை அவரே ஒப்புக்கொண்டார். 2022இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். உண்மை கூறியவர் கூண்டில் ஏற்றப்பட்டால், அடுத்தவர் உண்மையை மறைப்பார் என்று தாதியர் பலர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானது, மறைக்கப்பட்ட பிழை மற்றொரு கட்டிலில் மீண்டும் நிகழும். பிரித்தானியாவிலோ 2014 முதல் ஒவ்வொரு பதிவுத் தாதிக்கும் ஈட்டுறுதி ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். நட்டஈடு உறுதிப்படுவதால் அது நோயாளிக்கும் காவலாகின்றது.

"எழுதாவிட்டால் செய்யவில்லை என்றே பொருள்" என்பது ராத்தா பயிற்சியிற் கற்ற பாடம். கொடுத்த மருந்து, அதன் நேரம், நோயாளி சொன்ன வலி, மருத்துவருக்கு அறிவித்த நேரம் யாவும் குறிப்பேட்டில் இருத்தல் வேண்டும். நேர்மையான தாதியைக் காப்பதும் அக்குறிப்பே. அலட்சியத்தை வெளிப்படுத்துவதும் அதுவே. பிள்ளையை இழந்த தாய்க்கும், பழி சுமக்கும் தாதிக்கும் தேவைப்படுவது ஒன்றே: நடந்தது என்ன என்பதை அச்சமின்றிச் சொல்லவும் கேட்கவும் இடமளிக்கும் விசாரணை. போதிய தாதியரை நியமியாத நிருவாகமும் அவ்விசாரணையில் விடை கூறவேண்டும். அதுவரை, பொறுப்பு முழுவதையும் மிகக் கீழ்ப்படியில் நிற்பவர் தலையில் ஏற்றுதலை நீதி என்று அழைக்க என்னால் இயலாது.