முப்பது விநாடியில் விட்டுவிட்ட செல்

எலியின் இதயத்தை வெளியே எடுத்த பிறகு நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் மகாதமனியில் குழாயைச் செருகிப் பட்டு நூலால் கட்டிவிட வேண்டும். முதலில் கால்சியம் இல்லாத கரைசல், அடுத்து கொலாஜினேஸ் நொதி கலந்தது. இரண்டும் 37 டிகிரிச் சூட்டில் இதயத்தின் வழியே ஓடும். எப்போது நிறுத்துவது என்பதை நான் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. இதயம் வெளுத்து, கனிந்த சப்போட்டாபோல விரலுக்கு அமுங்க வேண்டும். முந்தினால் செல்கள் பிரியாது. பிந்தினால் எல்லாம் உருண்டு செத்துவிடும். கால்சியத்தைத் திரும்பக் கொடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

பிழைத்த செல்கள் நுண்நோக்கியில் செங்கல்போல, மூலை மழுங்காமல், சும்மா கிடக்கும். தானாகத் துள்ளுகிற செல்லைப் புதிதாக வருகிறவர்கள் ஆசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். அது பெரும்பாலும் கால்சியம் கசிகிற, சாகப்போகிற செல்.

நல்ல செல்லின் நீளம் சுமார் 100 மைக்ரான். அதன் குறுக்கே ஓடும் வரிகளுக்கு இடைப்பட்ட தூரம்தான் சார்கோமியர். சும்மா இருக்கையில் ஏறக்குறைய 1.8 மைக்ரான். இரு முனையிலும் கார்பன் இழையை ஒட்டவேண்டும், பசை இல்லாமல். லெ கென்னெக்கும் கூட்டாளிகளும் 1990இல் காட்டிய வழி இது: இழையைச் செல்லின்மேல் மெல்ல அழுத்தினால் அதுவே பிடித்துக்கொள்ளும். இழை எவ்வளவு வளைகிறது என்பதே விசைக் கணக்கு.

மின்தூண்டலால் துடிக்கவைத்த செல்லை இழைகளால் இழுத்ததும் அடுத்த துடிப்பே பலமாக வரும். 1895இல் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்திலும், 1914இல் ஸ்டார்லிங் குழுவினர் நாயின் இதயத்திலும் கண்டது, இங்கே ஒற்றைச் செல்லில். ஒளிரும் சாயத்தை வைத்துப் பார்த்தால் கால்சியம் கூடியிருக்காது. அதே கால்சியத்துக்குத் தசையிழைகள் கூடுதலாக இசைகின்றன. டைட்டின் என்ற ராட்சதப் புரதச் சுருள்வில் இறுகுவதற்கு இதில் பங்குண்டு. முதன்மைக் காரணம் எது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. என் வாக்கு டைட்டினுக்குத்தான்.

முதல் வருடம் முழுக்க இதோடு நிறுத்திக்கொண்டேன். முப்பது விநாடி பதிவு, பிறகு விடுவிப்பு. ஒருநாள் என் வழிகாட்டி பின்னால் வந்து நின்றார். "விடாதே. அப்படியே பிடிச்சு வை."

"செல் செத்துடும் சார்."

"சாகட்டும். டீ குடிச்சிட்டு வா."

நான் டீக்குப் போகவில்லை. விசைக்கோடு மெதுவாக, எறும்பு ஊர்கிற மாதிரி, மறுபடி ஏறியது. நின்று சமமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. இந்தத் தடவை கால்சியமும் கூடவே ஏறியது. செல்லுக்குள் சோடியம் சேர, அதன் வழியாகக் கால்சியம் கூடுகிறது. 1912இல் அன்ரெப் முழு இதயத்தில் இப்படியொரு மீட்சியைக் கண்டபோது அட்ரினல் சுரப்பியைக் காரணம் காட்டினார். என் தட்டில் சுரப்பியும் இல்லை, நரம்பும் இல்லை.

ஆனால் இந்த ஏற்றம் ஏமாற்றவும் செய்யும். கருவியின் அடிக்கோடு நகர்ந்தாலும் கோடு இப்படித்தான் ஏறும். இழை வழுக்கினால் இறங்கும். அதனால் ஒரு கண் எப்போதும் வரிகளின் இடைவெளிமேல். கடைசியில் செல்லைப் பழைய நீளத்துக்கு விட்டு, விசையும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பாவிட்டால் அன்றைய பதிவை நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அடுத்த செல்லைத் தேடுவேன்.