துடைக்கப்படும் குறிப்புகள்

நிரல் எழுதுகிறவன் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது, ஏன் செய்தான் என்று ஓரிரு வரி எழுத வேண்டும். அதுதான் கமிட் செய்தி. லினஸ் தோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸுக்காக உருவாக்கிய கிட்தான் இன்று பல அலுவலகங்களில் இந்தக் குறிப்பேடு.

கிட் இயல்பிலேயே கொஞ்சம் சுத்தக்காரன். எடிட்டரில் எழுதும் செய்தியில் வரிக் கடைசி வெற்றிடங்களை வெட்டும். அடுத்தடுத்த வெற்று வரிகளை ஒன்றாக்கும். ஹேஷ் குறியில் தொடங்கும் வரியைச் செய்தியே இல்லை என்று வீசிவிடும். புகார் எண்ணை "#42" என்று முதலில் எழுதினால் அந்த வரியே போச்சு.

எங்கள் அலுவலகத்துக்கு இந்தச் சுத்தம் போதவில்லை. ஒரு தானியங்கி வந்தது. பத்துப் பதினைந்து கமிட்டை ஒன்றாக நசுக்கி, பளிச்சென்று ஓர் ஆங்கில வரி எழுதும். அடுத்து, பழைய செய்திகளையும் திருத்தலாம் என்றார்கள்.

பழையதில் பாதி ஓர் அக்கா எழுதியது. நான் சேரும் முன்பே சிங்கப்பூர் போய்விட்டார்; முகம்கூடத் தெரியாது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த செய்திகள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அவைதாம்.

ஜொகூரின் வார விடுமுறை 2014இல் வெள்ளி, சனி ஆனது. 2025 ஜனவரியில் மறுபடியும் சனி, ஞாயிறு. தாமதக் கட்டணத்தை வேலை நாள் வைத்துக் கணக்கிடும் எங்கள் நிரலில் அதை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. அந்த வரியை யார் எழுதியது என்று தேடினால் அக்காவின் செய்தி: "ஜொகூர் மாறிடுச்சு. பழைய பில்லுக்குப் பழைய லீவுதான் லா, இல்லன்னா கஸ்டமருக்குத் தப்பா ஃபைன் விழும்." அதன்படி தேதி பார்த்துப் பிரித்தேன். தானியங்கியிடம் கொடுத்திருந்தால் "ஜொகூர் விடுமுறை புதுப்பிப்பு" என்று முடித்திருக்கும். என்ன மாறியது என்பதை நிரலே காட்டும். ஏன் என்பதை மனுசன்தான் சொல்லணும்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். "நீட்டா இருக்கணும் இல்ல தம்பி?" என்றார் மேலாளர். ஒரு செய்தியைத் தொட்டால் அந்தக் கமிட்டின் 40 எழுத்து அடையாளம் மாறும், அதற்குப் பின் வந்த எல்லாமும் மாறும் என்றதும் யோசித்தார். பழையதை விட்டுவிட்டார்கள்.

புதியவை இன்னும் நசுங்குகின்றன. காரணத்தை இப்போது நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கிறேன். அங்கே துடைப்பம் இன்னும் வரவில்லை.