ஒரு சம்பளம், மூன்று கடன்

கூடுவாஞ்சேரி பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்க ஒருவர் சம்பளம் பத்தாது. அதனால் பேங்கில் கணவன், மனைவி இருவருடைய சம்பளச் சீட்டையும் கேட்பார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்துதான் எவ்வளவு கடன் என்று முடிவு செய்வார்கள். கையெழுத்துப் போடும் பரபரப்பில் ஒரு விஷயம் யார் மண்டையிலும் ஏறுவதில்லை. ஒருவர் சம்பளம் நின்றுபோனால் மற்றவர் பொறுப்பு பாதிக் கடனுக்கு அல்ல, முழுக் கடனுக்கும்.

இந்தத் தம்பதிக்கும் ஏறவில்லை. அவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, 42,000 சம்பளம். அவர் மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், 24,000. கம்பெனியில் ஒரு ஷிஃப்டையே எடுத்துவிட்டார்கள். 2024 ஜூனில் அவருக்கு வேலை போனது.

அன்று இருந்த கணக்கு இது. வீட்டுக் கடன் 22.7 லட்சம் பாக்கி, 8.5 சதவீத வட்டி, இன்னும் 16 வருடம், மாதம் 21,700. பர்சனல் லோன் மூன்று லட்சம் சொச்சம், 14 சதவீதம், மாதம் 10,930, இன்னும் 34 தவணை. கிரெடிட் கார்டில் 1,10,000. (கார்டு கடன் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஃபிரிட்ஜ், ஸ்கூல் ஃபீஸ், மாமனாருக்குக் கண் ஆபரேஷன்... எல்லோருக்கும் வருகிற மாதிரிதான் வந்தது.)

முதல் வாரம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் "பேசாம மஞ்சக் கடுதாசி கொடுத்துடுப்பா" என்றார். சினிமாவில் சுலபமாகக் கொடுப்பார்கள். நிஜத்தில் அது 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டப்படி கோர்ட்டில் மனு போடுவது (சென்னை நகரத்துக்குள் என்றால் 1909-ஆம் வருடச் சட்டம்). 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர, சாதாரண சம்பளக்காரர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதோடு, திவால் ஆனாலும் அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்கும் உரிமை பேங்குக்கு அப்படியே இருக்கும். வீட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கு மஞ்சக் கடுதாசியால் பிரயோஜனம் இல்லை.

நண்பர் ஒருவர் "கடன் தீர்வு" செய்கிற ஒரு ஏஜென்சியின் நம்பர் கொடுத்தார். அவர்கள் யோசனை: ஆறு மாதம் எதையும் கட்டாதீர்கள், பேங்க் தானாக இறங்கி வரும், பாதிக்கு முடித்துத் தருகிறோம், எங்களுக்குக் கமிஷன் கொடுங்கள். பேங்க் இறங்கி வருவது உண்டுதான். ஆனால் அப்படி முடித்த கடன் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் ஏறும், 'குளோஸ்டு' என்று ஏறாது. அடுத்த கடன் கேட்டுப் போகும்போது பல வருடம் கழித்தும் அந்த ஒரு வார்த்தை குறுக்கே நிற்கும். அதோடு, பேங்க் இறங்கி வரும்வரை அபராதமும் வசூல் போன்களும் யார் தலையில் விழும்?

டீச்சரம்மா ஒரு பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். மூன்று கடனும் ஒரே மாதிரி இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. ஒரு மாத வட்டி 3,850, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 4,543. குறைந்தபட்சத் தொகை என்று 5,500 கட்டினால் அசலில் ஆயிரம் ரூபாய் கூடக் குறையாது. தொகையில் சின்னது, ஆனால் வேகத்தில் இதுதான் ராட்சசன்.

வீட்டுக் கடன் தொகையில் பெரியது, வட்டி குறைவு. ஆனால் 90 நாள் தவறினால் வாராக்கடன் ஆகும். பிறகு 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அப்புறம் வீட்டுக்கு சீல். கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் இதைச் செய்யலாம். பர்சனல் லோனுக்கு அடமானம் கிடையாது, அது அவர் பெயரில் மட்டும். வீட்டுக் கடனோ இருவர் பெயரிலும். எதையாவது தவறவிட்டே ஆக வேண்டும் என்றால் எது என்று இப்போது தெளிவாகிவிட்டது.

"முதல்ல கார்டை மூடணும்ங்க" என்றார். "எதை வச்சு மூடறது?" என்று அவர் கேட்டதும் எழுந்து போய் பீரோவிலிருந்து மூன்று சவரன் செயினை எடுத்து மேசையில் வைத்தார். அது அவர் அப்பா போட்டது. ஆவணியில் சித்தி மகள் கல்யாணம் வருகிறது, வெறுங்கழுத்தோடு போனால் அப்பா கேட்பார். "கவரிங் போட்டுக்கறேன், யாரு உரசிப் பாக்கப் போறா?" என்றார். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

விற்கவில்லை, அடகுதான். அப்போதைய விலையில் 24 கிராமுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் மதிப்பு, அதில் 75 சதவீதம் வரை கடன். 1,10,000 வாங்கி அன்றே கார்டை மூடினார்கள். 9.5 சதவீத வட்டிக்கு மாதம் 900-க்குள் முடிந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கார்டை மூடிவிட்டு மறுபடி தேய்க்கிறவர்களுக்கு இந்த வழி படுகுழி. நகையும் போகும், கார்டும் ஏறும். இவர்கள் கார்டையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து வீட்டுக் கடன் கொடுத்த பேங்க். தவணை தவறுவதற்கு முன்பே இருவரும் போய் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் மரியாதையாகவே பேசினார். மிச்சக் காலத்தை 25 வருடமாக நீட்டினால் தவணை சுமார் 18,300 ஆகும், மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். ஆனால் கஷ்டத்தைக் காரணம் காட்டி நீட்டினால் அது மறுசீரமைப்புக் கணக்கில் வரும், சிபிலிலும் அப்படியே ஏறும் என்பதையும் சொன்னார். 2020-ல் கொரோனா நேரத்தில் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்க ரிசர்வ் வங்கி விட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது அந்த நேரத்துக்கு மட்டும் கொடுத்த சலுகை. அப்போதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து டீச்சரம்மா பெருக்கிப் பார்த்தார். 16 வருடத்தில் கட்டுவது 41.7 லட்சம், 25 வருடத்தில் 54.9 லட்சம். மாதம் 3,400 மிச்சம் பிடிக்க 13 லட்சம் விலை! பிறகு வேலை கிடைத்து முன்கூட்டிக் கட்டினால் இவ்வளவு ஆகாது என்பது உண்மைதான் (மிதக்கும் வட்டிக் கடனுக்கு அதற்கு அபராதமும் இல்லை). ஆனாலும் வேறு வழி இருக்கும்வரை இதைத் தொட வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள்.

வேறு வழி என்பது பி.எஃப். வேலை போனால் சேர்ந்ததில் 75 சதவீதம் எடுக்கலாம், அவருக்கு 2.2 லட்சம் வரும். இதில்தான் இருவருக்கும் சண்டை. பர்சனல் லோனில் பெரும்பகுதியை அடைத்துவிடலாம், நிம்மதியாக இருக்கும் என்பது அவர் கட்சி. "நிம்மதியை வச்சு அரிசி வாங்க முடியாதுங்க" என்பது இவர் கட்சி. சம்பளம் 24,000-த்தில் தவணைகளும் நகை வட்டியும் போனால் 9,500 துண்டு விழும், வீட்டுச் செலவு 14,000 சேர்த்தால் மாதம் 23,500 பள்ளம். 2.2 லட்சத்தை அப்படியே வைத்திருந்தால் ஒன்பது மாதம் ஓடும். லோனில் போட்டால் இரண்டாவது மாதமே தண்டல்காரரிடம் நிற்க வேண்டும். (தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டப்படி தடை. தெருவில் போய்ப் பாருங்கள்.) டீச்சரம்மா கட்சி ஜெயித்தது, அதுதான் சரியும்கூட.

ஆனால் பி.எஃப். முதல் தடவை வரவில்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப்-ல் முன்னால்! அதைத் திருத்தி வாங்குவதற்குள் ஆகஸ்ட் மாத பர்சனல் லோன் தவணை பவுன்ஸ் ஆனது. இரவு ஒன்பதரைக்கு போன். இரண்டாம் நாள் பள்ளிக்கூட ஆபீஸுக்கே போன், ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுக் கேட்டார். அன்று மட்டும் டீச்சரம்மா ஸ்டாஃப் ரூமில் அழுதார். காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பிறகும் வசூலுக்கு போன் செய்யக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. அவர் நேரம், நம்பர் எல்லாம் எழுதிக் கடன் கொடுத்தவர்களுக்கு மெயில் போட்டார், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தார். இரவு போன் நின்றது.

2025 ஜனவரியில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, 31,000. பழைய சம்பளத்தைவிட 11,000 குறைவு என்று ஒரு வாரம் முகம் தொங்கிப் போயிருந்தது. பி.எஃப். பணத்தில் ஐம்பதாயிரம் சொச்சம் மிச்சம், அதை யாரும் தொடுவதில்லை. 2025-ல் வட்டி குறைந்தபோது தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று பேங்க் கேட்டதற்குக் காலத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அதே வருடம் ஜூனில் நகையை மறு அடகு வைக்கப் போனால், தங்கம் ஏறியிருக்கிறது, இன்னும் பணம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வட்டியோடு இருபதாயிரம் அசலும் கட்டிவிட்டு வந்தார்கள். பர்சனல் லோன் 2027 ஏப்ரலில் முடியும். செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது, டீச்சரம்மா அப்பாவுக்கு இன்னும் தெரியாது.