ஏற்றத்தில் நின்றுவிடும் வைப்பர்

பழைய கார்களின் மீது பற்றுக் கொண்டவர்கள் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இருக்கையின் தோலைப் பற்றிப் பேசுவார்கள். முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மழை வரும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி அன்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்ற கண்ணாடித் துடைப்பான் கையால் இயக்கப்பட்டது. பின்னர் வந்தது வெற்றிட வைப்பர். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதன் உள்ளெடுப்புக் குழாயில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அந்த உறிஞ்சலை ஒரு றப்பர் குழாய் வழியாகச் சிறு பெட்டிக்குள் செலுத்தினால், அதனுள் இருக்கும் தகடு இப்புறமும் அப்புறமும் அசைந்து வைப்பரை ஆட்டும். மின்சாரம் வேண்டியதில்லை, பற்றறிக்கும் சுமையில்லை. மலிவான, கெட்டித்தனமான ஏற்பாடு.

எனது பெரியப்பா வாங்கிய போர்ட் பிறிபெக்ற் கார் அந்த வகையைச் சேர்ந்தது. 1172 சீசீ எஞ்சின், மூன்று கியர். அவர் காலமான பின் அது கண்டியில் வசிக்கும் அவரது மகனிடம், அதாவது எனது அண்ணரிடம் வந்தது. எதையும் மாற்றக் கூடாது என்பது அண்ணரின் பிடிவாதம்.

வெற்றிட வைப்பரின் குணம் விசித்திரமானது. அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுத்தால் உறிஞ்சல் கூடி அது பறக்கும். காலை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்து சோரும். முழுதாக அழுத்தினால் நின்றேவிடும். மாலை மழையில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுபவரை எண்ணிப் பாருங்கள். எஞ்சினுக்கு முழுப் பலமும் வேண்டிய அதே கணத்தில் கண்ணாடி நீரால் மூடப்படுகிறது. அக்காலச் சாரதிகள் ஒரு நொடி காலைத் தூக்கி, வைப்பர் இரு முறை துடைத்ததும் மீண்டும் அழுத்துவார்கள்.

கடந்த மழைக்காலத்துக்கு முன் அண்ணரின் காரைப் பார்த்த வயதான மெக்கானிக் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "தம்பி, வைப்பரைக் கழட்ட முந்தி எஞ்சினைப் பாரும்." வால்வும் றிங்கும் தேய்ந்த எஞ்சினில் உறிஞ்சல் குறைவு, அதற்கு வைப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல எஞ்சின் சும்மா ஓடும்போது வெற்றிடமானி ஏறத்தாழ 18 முதல் 20 அங்குல இரசம் காட்டும்.

அடுத்தது றப்பர் குழாய். நம் வெயிலில் அது வெடிக்கும். வெடிப்பின் வழியே காற்றுப் புகுந்தால் வைப்பர் சோர்வது மட்டுமல்ல, எஞ்சினும் நடுங்கும். மூன்றாவது, வைப்பர் கைகளைத் தாங்கும் அச்சுகள். அவற்றில் பிடித்த துருவே பாதிச் சக்தியைத் தின்றுவிடும். கடைசியில்தான் பெட்டி. அதனுள் தகட்டின் ஓரத்தில் உள்ள தோல் காய்ந்து விறைத்திருக்கும். எண்ணெயிட்டு மென்மையாக்க வேண்டும். சோதிக்கும்போது கண்ணாடியில் நீர் ஊற்ற வேண்டும். உலர்ந்த கண்ணாடியில் நல்ல வைப்பரும் தடுமாறும்.

இவையெல்லாம் செய்யப்பட்டன. சமதரையில் வைப்பர் அழகாக ஓடியது. ஏற்றத்தில் முன்போலவே நின்றது. பழுதைத் திருத்தலாம், இயல்பைத் திருத்த முடியாது.

அந்தக் காரை இப்போது அதிகம் ஓட்டுபவள் எனது பெறாமகள். அவள் என்னிடம் முறையிட்டாள்: "சித்தப்பா, அப்பாவுக்குக் கார் பழசாய் இருக்க வேணும். எனக்கு முன்னால வாற பஸ் தெரிய வேணும்."

அண்ணர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மின்மோட்டார் பூட்டச் சம்மதித்தார். உள்ளெடுப்புக் குழாயின் துளையை இறுக அடைக்கும்படி மெக்கானிக்கிடம் தானே நினைவூட்டினார். கழற்றிய வெற்றிடப் பெட்டியை எண்ணெய்த் துணியில் சுற்றி, பெரியப்பாவின் அலுமாரியில் வைத்திருக்கிறார்.

பழமையைப் பேணுவது நல்லது என்றே நானும் எண்ணுகிறேன். கண்காட்சிக்கு மட்டும் போகும் காராயின் அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இன்றைய கண்டி வீதியில், இன்றைய பஸ்களுக்கிடையில் ஒரு பிள்ளை ஓட்டும் கார் அது. எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு அந்த வீதியே விடை சொல்லிவிடுகிறது.