பேத்தி வாங்கிய சர்டிபிகேட்

இரண்டு மாதமாக நான் எதுவும் எழுதவில்லை. "சார், உடம்புக்கு ஏதாவதா?" என்று இரண்டு மூன்று பேர் போன் செய்தே கேட்டுவிட்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்ற யோசனையிலேயே நாள் ஓடிவிட்டது.

2022 நவம்பரில் நானும் வீட்டுக்காரியும் பென்சில்வேனியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆறு மாத விசா. பேத்தி சட்டப் படிப்பில் கடைசி வருடம். போன மறுநாளே, "தாத்தா, நாளைக்கு எனக்கு கிளினிக் இருக்கு" என்றாள். சட்டம் படிக்கிற பெண்ணுக்குக் கிளினிக்கில் என்ன வேலை, பல்வலியா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அது டாக்ஸ் கிளினிக். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு வரித்துறையிடமிருந்து கடிதம் வந்தால், சட்டக் கல்லூரி மாணவர்களே வழக்கை எடுத்து நடத்திக் கொடுக்கிறார்கள். மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியர் உண்டு, அவர் வக்கீல். கட்சிக்காரர் சம்மதித்து நீதிபதியும் அனுமதித்தால், அந்த வக்கீல் பக்கத்தில் இருக்க, மாணவர் வரி நீதிமன்றத்தில் எழுந்து பேசவே செய்யலாம். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், இதற்குப் பணம் கொடுப்பது யார் என்பதுதான். 1998ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, இப்படிப்பட்ட கிளினிக் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,00,000 டாலர் வரை மானியம் என்று வைத்தது. கிளினிக்கும் தன் பங்காக அதே அளவு திரட்டிக் காட்ட வேண்டும். அந்த மானியத்தைப் பிரித்துக் கொடுப்பது வரித்துறையேதான்! தன்மேல் வழக்குப் போடுகிறவனுக்குத் தானே காசு கொடுக்கிற இலாகா. முப்பத்தாறு வருடம் வரி அலுவலகத்தில் குப்பை கொட்டியவனுக்கு இது எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எல்லாரையும் எடுத்துக்கொள்வதில்லை. வருமானம் வறுமைக் கோட்டைப் போல இரண்டரை மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2023 கணக்குப்படி, இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு 49,300 டாலர். வழக்கில் உள்ள தொகையும் ஒரு வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டக் கூடாது.

பேத்தியிடம் இருந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். "பேர் மட்டும் கேக்காதீங்க தாத்தா, சொல்லக் கூடாது" என்றாள். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் ஒரு அம்மாள். மகள் எங்கேயோ போய்விட, பேரனை வளர்ப்பது இவர்தான். அந்த ஊரில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கிறவர்களுக்கு வரியில் ஒரு சலுகை இருக்கிறது, 1975லிருந்து. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் அந்தத் தொகை கைக்கு வரும். பிள்ளை இருந்தால் தொகை கூடும். ஆனால் அந்தப் பிள்ளை வருடத்தில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டில் இருந்தான் என்று காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பதிவில் பையனின் அம்மா விலாசமே இருந்தது. சலுகை கிடையாது என்று நோட்டீஸ் வந்துவிட்டது.

தொகை மூவாயிரத்துச் சொச்சம் டாலர். எந்த வக்கீலிடம் போனாலும் பீஸே அதைத் தின்றுவிடும். அதனால்தான் இந்த மாதிரி ஆட்கள் கடிதத்தைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நோட்டீஸ் தேதியிலிருந்து 90 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுப் போட்டால் பணம் கட்டாமலேயே வழக்காடலாம். மனுக் கட்டணம் 60 டாலர், ஏழைகளுக்கு அதுவும் தள்ளுபடி உண்டு. நாள் தவறினால் அந்தக் கதவு சாத்திவிடும். முந்தின வருடத்து மாணவர்கள் 90 நாளுக்குள் மனுவைப் போட்டு வைத்திருந்தார்கள். இவள் கைக்கு வந்தபோது வேண்டியிருந்தது சாட்சியம்தான்.

டாக்டரிடம் பையன் தடுப்பூசி போட்ட சீட்டு, பள்ளிப் பேருந்து அவனை எந்த நிறுத்தத்தில் ஏற்றியது என்ற பதிவு, பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்துக் கடிதம். ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சாப்பாட்டு மேசையில் தேதி வாரியாக அடுக்குவாள். பேர், விலாசம் இருக்கும் இடத்தையெல்லாம் எனக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொள்வாள். மார்ச்சில், விசாரணைக்குப் போகாமலேயே அரசுத் தரப்பு ஒத்துக்கொண்டுவிட்டது.

அன்று ராத்திரி அவள் கேட்டாள்: "தாத்தா, உங்க ஆபீஸ்லயும் இந்த மாதிரி யாராவது வருவாங்களா?"

"வருவாங்கம்மா, நிறைய பேர்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். தூக்கம் வரவில்லை.

1986. அப்போது நான் இருந்த ஊர்ப் பேர் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரக்கடைக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். மனைவியின் நகையை விற்றுக் கடையில் சரக்குப் போட்டிருந்தார். அந்தப் பணத்துக்குக் கணக்கு காட்டவில்லை என்று அதையும் வருமானத்தில் சேர்த்து உத்தரவாகியிருந்தது. உத்தரவு இங்கிலீஷில். கவரோடு என் மேசைக்கு வந்து, "சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்றார். மார்ச் மாதக் கடைசி வாரம். மேசை முழுக்கக் கட்டுக் கட்டாகக் கோப்பு. நான் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. "ஆடிட்டரைப் பாருங்க" என்றேன்.

அவருக்கு ஏது ஆடிட்டர்? கவரைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். மே மாதம் திரும்பி வந்தார், கையில் நகைக்கடைச் சீட்டு. விற்ற தேதி, எடை, தொகை எல்லாம் அதில் இருந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள், அது தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம், சட்டத்தில் அதற்கும் வழி உண்டு. அது எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. "நாள் தாண்டிடுச்சே" என்று மட்டும் சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனார். கடையில் பாதியைத் தடுத்து வாடகைக்கு விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

லஞ்சம் வாங்கியதில்லை, யாரையும் அதட்டியதில்லை என்று நான் பெருமையடித்துக்கொண்டதை இங்கே நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அடுத்த வாரம் பேத்தியிடம் சொன்னேன். சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "அவர்கிட்ட ரசீது இருந்துச்சா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

மே மாதப் பட்டமளிப்புச் சமயம் அவளுக்கு ஒரு விருது. கிளினிக்கல் லீகல் எஜுகேஷன் அசோசியேஷன் என்று கிளினிக் ஆசிரியர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. கிளினிக்கில் நன்றாக உழைத்த மாணவர் என்று கல்லூரிக்கு ஒருவரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கச் சொல்லி அது வருடா வருடம் கொடுக்கும் விருது. இவளுக்குக் கையில் கிடைத்தது ஒரு சர்டிபிகேட். சம்பந்தியம்மா போனில் "எவ்வளவு பணம் குடுத்தாங்க?" என்று கேட்டார். பணமெல்லாம் இல்லை என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பணம் வரும் வழி வேறொன்று இருந்தது. அமெரிக்க பார் அசோசியேஷனின் வரிப் பிரிவு, கிறிஸ்டின் பிரன்ஸ்விக் பெயரில் ஒரு பெலோஷிப் வைத்திருக்கிறது. புதிதாகப் படித்து முடித்த வக்கீல்கள் இரண்டு வருடம் ஏழைகளின் வரி வழக்குகளைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். ஹோட்டல், மருத்துவமனைகளில் துப்புரவு வேலை செய்கிற பெண்களுக்கு, அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் அங்கேயே போய் உதவுவது என்று திட்டம் எழுதி, நாங்கள் போன சமயத்திலேயே விண்ணப்பித்திருந்தாள். இன்னொரு பக்கம் ஒரு பெரிய வக்கீல் நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது.

மகனுக்கு அந்த நிறுவனம்தான். கல்விக் கடன் மலை மாதிரி நிற்கிறது. பொதுச் சேவையில் பத்து வருடம், 120 தவணை கட்டினால் மிச்சக் கடனை அரசே தள்ளுபடி செய்கிறது என்று அவள் சொன்னாள். "பத்து வருஷம்! அதுவரைக்கும்?" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கத்திக்கொண்டதில் இட்லி ஆறிப்போனது. நான் யார் பக்கமும் பேசவில்லை. மகன் சொன்னதில் தப்பில்லை. கடன் அவன் கையெழுத்திலும் இருக்கிறது.

பெலோஷிப் கிடைக்கவில்லை. தேர்வாகிறவர்கள் மிகச் சிலர். நாட்டில் உள்ள நல்ல பிள்ளைகளெல்லாம் போட்டி போடுகிறார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அந்தப் பெரிய நிறுவனத்துக்கே போனாள். வரி நீதிபதி அந்த ஊருக்கு வழக்குப் பட்டியலோடு வரும் நாட்களில் மட்டும் நிறுவனத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, வக்கீல் இல்லாமல் வந்து நிற்பவர்களுக்கு உதவப் போகிறாள். சம்பளம் கிடையாது. பழைய கிளினிக்கில் மற்ற வேலைக்கும் கூப்பிடுகிறார்களாம், நேரமில்லை என்கிறாள். மகனுக்கு இப்போது நிம்மதி. அவளுக்கா என்று கேட்டால், போனில் அதற்குப் பதில் வருவதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பாத்திரக்கடையைத் தேடி ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். அங்கே இப்போது செல்போன் கடை. பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நம் தெரு முனை நூலகத்துத் திண்ணையில் சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 12 வரை உட்காரலாம் என்றிருக்கிறேன். பேங்கில் வரி பிடிக்காமலிருக்கப் படிவம் கொடுப்பது, வட்டியில் பிடித்த வரியைத் திரும்பக் கேட்பது, நோட்டீஸ் வந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது, எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தெரியாததற்கு யாரிடம் போக வேண்டும் என்று சொல்கிறேன். காசு வேண்டாம். வருகிறவர்கள் கடிதம் வந்த கவரையும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். நாள் எண்ணுவதற்கு அதில் இருக்கும் தபால் முத்திரை வேண்டும்.