பெட்ரோல் திருகு

நம் சங்க மலரில் இயற்பியல் மாணவர்கள் விண்மீன்களைப் பற்றி எழுதுவது வழக்கம். நான் ஒரு பெட்ரோல் திருகைப் பற்றி எழுதப் போகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். மற்ற நால்வரும் பொறியியல் படிப்பவர்கள். சிறகு, வால், எஞ்சின் என்று அவர்கள் பங்கிட்டுக்கொண்ட பின் மிஞ்சியது எரிபொருள் ஏற்பாடு. "தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போக வேண்டும், அவ்வளவுதானே!" என்று அதை என்னிடம் தள்ளிவிட்டார்கள். நானும் அவ்வளவுதான் என்றே எண்ணினேன்.

கணக்கு எனக்கு இனித்தது. ஒரு மீட்டர் உயரத்துப் பெட்ரோல் தரும் அழுத்தம் ஏறக்குறைய 0.07 பார். எங்கள் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் குறைந்தது 0.15 பார் கேட்கிறது. தொட்டியை இரண்டு மீட்டர் உயரத்தில் தூக்கி வைக்க இதென்ன தண்ணீர்த் தொட்டியா? ஆகவே பம்பு வேண்டும். ஒன்று நின்றால் உதவ இன்னொன்றும் வேண்டும். எங்கள் தொட்டிகளோ இரண்டு சிறகுகளுக்குள்ளே, எஞ்சினுக்குத் தாழ்வாக இருக்கின்றன. இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் உறிஞ்சினால், முதலில் வற்றிய தொட்டியிலிருந்து பம்பு காற்றைத்தான் இழுக்கும். எனவே இடம், வலம், மூடு என்று மூன்று நிலையுள்ள திருகு ஒன்று வேண்டும். பறக்கும்போதே அதைத் திருப்ப வேண்டும்.

இந்தத் திருகை எங்கே வைப்பது? இருக்கைக்குப் பின்னால், இடத் தோளுக்கு நேரே, தடுப்புச் சுவரில் வைத்தேன். காரணமும் வைத்திருந்தேன்: ஓட்டுபவன் அமரும் அறைக்குள் பெட்ரோல் குழாய் வரவே கூடாது, கசிந்தால் தீ. படத்தை வரைந்து நால்வருக்கும் காட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள். விமானத்தில் முதலில் தனியே ஏறப்போகிறவன் என் அறைத்தோழன். அசாம்காரன், ஓட்டுநர் உரிமம் பெற்றவன். அவன் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "நீ போட்டது சரியாகத்தான் இருக்கும்" என்றான்.

எங்கள் பட்டறை மிஸ்திரி மட்டும் பாராட்டவில்லை. பலகையால் செய்த மாதிரி அறைக்குள் என்னை உட்கார வைத்தார். இரண்டு வாரைக் கட்டினார். வலக்கையில் ஒரு கோலைக் கொடுத்து, "இதை அசைக்காதே. கண்ணை மூடு. இப்போது திருகைத் திருப்பு" என்றார். இடக்கையைப் பின்னால் விட்டேன்; எட்டவில்லை. வலக்கையால் எட்ட முயன்றபோது கோல் நழுவியது. உடம்பு இடப்பக்கம் முறுகியதும் வலக்கால் தானாக மிதியை அழுத்தியது. மிஸ்திரி ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று இரவு ஒரு விபத்தின் விசாரணையைப் படித்தேன். விடுதியில் கிட்டார் வைத்திருப்போர் எல்லோரும் பாடும் பாடல்களைத் தந்த ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12-ஆம் நாள், கலிபோர்னியாக் கடற்கரையோரம் கடலில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லாங்-ஈஸி என்னும் வீட்டில் கட்டிய விமானம்; அண்மையில்தான் விலைக்கு வாங்கியிருந்தார். பர்ட் ரூட்டன் வரைந்த மூலப் படத்தில் பெட்ரோல் திருகு ஓட்டுபவரின் கால்களுக்கிடையே இருந்தது. கட்டியவரோ அதை இடத் தோளுக்குப் பின்னால் மாற்றியிருந்தார். அறைக்குள் பெட்ரோல் குழாய் வேண்டாம் என்பதே காரணம்! என் காரணமேதான், சொல்லுக்குச் சொல். திருகுக்கு எந்தக் குறியீடும் இல்லை. பெட்ரோல் அளவைப் பார்க்கும் கண்ணாடியும் பின்பக்கம் இருந்தது. கிளம்புமுன் பெட்ரோல் நிரப்பவில்லை. திருகைத் திருப்ப உடலை முறுக்கியபோது வலக்கால் மிதியை அழுத்தியிருக்கக் கூடும் என்று விசாரித்தவர்கள் முடிவு கூறினார்கள்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். எதிர்க் கட்டிலில் என் தோழன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்பாவின் நினைவு வந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து நாகபுரிக்குப் பிழைக்க வந்தவர். பழைய ஸ்கூட்டரில் இட்லி மாவுத் தூக்குகளைக் காலடியில் வைத்துக்கொண்டு வீடு வீடாக விற்று என்னைப் படிக்க வைத்தார். சிறுவனாக நான் பின்னால் அமர்ந்து போவேன். நெரிசலில் எஞ்சின் இருமும். அப்பா குனியமாட்டார், சாலையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். முழங்காலுக்கருகே கை இறங்கும்; திருகு 'ரிசர்வு'க்குத் திரும்பும்; வண்டி ஓடும். பேசிக்கொண்டு வந்த பேச்சுக்கூட நிற்காது. மறுநாள் தொலைபேசியில், "அப்பா, அந்தத் திருகு பின்பக்கம் இருந்திருந்தால்?" என்று கேட்டேன். "எவன்டா அப்படி வைப்பான்?" என்று சிரித்தார். நான்தான் என்று சொல்ல நா எழவில்லை.

தோழனிடம் மட்டும் சொன்னேன். படத்தை விரித்து, இந்த இடத்தில் உன்னைக் கொல்லப் பார்த்தேன் என்றேன். அவன் நெடுநேரம் படத்தைப் பார்த்தான். முதல் முறையாகப் பார்த்தான் என்றே சொல்ல வேண்டும். பிறகு, "இனிமேல் நீ போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேட்பேன்" என்றான். இப்போது கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறான்.

திருகு இப்போது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, கை தானாக விழும் இடத்தில் இருக்கிறது. குமிழைத் தூக்கினால்தான் 'மூடு' நிலைக்குப் போகும். அறைக்குள் வரும் குழாய் அலுமினியத்தால் ஆனது. திருகைத் தவிர வேறெங்கும் இணைப்பு இல்லை. தீயைப் பற்றிய என் அச்சமும் பொய்யன்று. அதற்குரிய பதில் திருகை ஒளித்து வைப்பதன்று என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒன்றரை மாத வேலை வீண். போதாக்குறைக்கு, நம் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால். எஞ்சினைச் செய்தவர்கள் 10 வரைதான் ஒப்புகிறார்கள். விமானப் பெட்ரோலின் விலையைக் கேட்ட எங்கள் பொருளாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த மாதம் ஓட்டச் சோதனை. ஏறும் கோலத்தில் மூக்கை உயர்த்தி வைத்து, தொட்டியில் அடிமட்டப் பெட்ரோலை மட்டும் விட்டு, வாளியில் பிடித்து அளக்க வேண்டும். புறப்படும்போது எஞ்சின் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும்; பம்பு அதற்கு ஒன்றேகால் பங்காவது தர வேண்டும். வாளியை மிஸ்திரி பிடிப்பார். இருக்கையில் வாரைக் கட்டி, கண்ணை மூடித் திருகைத் திருப்பப் போகிறவன் நான்.